புதிய கணினிக்கு இயங்குதளம் அமைக்கும் முறை

கணக்கு வைப்பது கிராம வாழ்க்கையில் என்றும் இருந்துவரும் காரியமே. முன்னர் பேரேட்டிலும் குறிப்பேட்டிலும் எழுதப்பட்ட கணக்குகள் இந்நாளில் கணினியில் ஏறிவருகின்றன. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், இளைஞர் நற்பணி மன்றம் முதலிய அமைப்புகள் பலவற்றுக்கும் கணினி ஒன்று இன்றியமையாததாகிவிட்டது. கடையில் முழுமையாக அமைத்து விற்கப்படும் கணினியை வாங்குவது ஒரு வழி. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு பூட்டிக்கொள்வது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் நமது தேவைக்கு ஏற்ற உறுப்புகளை மட்டும் வாங்கலாம். பின்னர் ஓர் உறுப்பு பழுதுற்றால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே, பொதுப் பணத்தைச் சிக்கனமாகச் செலவிட விரும்பும் அமைப்புகள் இவ்வழியை நாடுவது இயல்பே.

ஆனால், பூட்டி முடித்த கணினி உடனே வேலைக்கு வருவதில்லை. மின்சாரம் பாய்கிறது, விசிறி சுழல்கிறது, திரையில் ஆங்கில வரி ஒன்று தோன்றி, துவக்குவதற்கு ஏதும் கிடைக்கவில்லை எனத் தெரிவித்து நின்றுவிடுகிறது. இது பழுது அன்று. இயங்குதளம் இன்னும் அமைக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். இப்பணியைச் செய்யும் முறையையும், இதில் செய்யக்கூடாதவற்றையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இயங்குதளம் என்பது யாது?

ஏரிப் பாசனம் உள்ள ஊர்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் உண்டு. ஏரியில் நீர் இருக்கிறது. கீழே வயல்களும் இருக்கின்றன. ஆயினும், எந்த மடையை எப்பொழுது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்பதை முறைவைத்து நடத்த ஒருவர் இல்லாவிடில் கடைமடைக்கு நீர் போய்ச் சேராது. கணினியில் இயங்குதளம் செய்யும் வேலையும் இத்தகையதே. கணக்கிடும் செயலி, ராம் எனப்படும் நினைவகம், கோப்புகளைக் காக்கும் சேமிப்பகம், அச்சுப்பொறி, விசைப்பலகை ஆகிய யாவும் பொதுவானவை. நாம் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளும் அவற்றைக் கேட்கிறது. எதற்கு எவ்வளவு கொடுப்பது, எந்த மென்பொருள் எந்தக் கோப்பைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதை வகுத்து நடத்துவது இயங்குதளம்.

இயங்குதளம் சேமிப்பகத்தில் குடியிருக்கிறது. அதனைக் கண்டுபிடித்து எழுப்பிவிடுவதற்கென மதர்போர்டில் உள்ள ஒரு சிறு சில்லில் அடிப்படை மென்பொருள் ஒன்று தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கும். பழைய கணினிகளில் இது பயாஸ் எனப்பட்டது. இப்பொழுது வருபவற்றில் யூஈஎஃப்ஐ என்னும் புதிய முறை உள்ளது. பழக்கத்தினால் இதனையும் பலர் பயாஸ் என்றே அழைக்கின்றனர்.

எதனைத் தேர்ந்துகொள்வது?

நமது நாட்டில் மிகுதியாகப் பழக்கத்தில் உள்ளது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ். இதற்கு உரிமம் விலை கொடுத்து வாங்குதல் வேண்டும். 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு அந்நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. ஆகவே, புதிய கணினியில் அதனை ஏற்றுவது உசிதமன்று. 2021-இல் வெளியான விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். உறுப்புகளை வாங்கும்பொழுதே இவற்றைக் கேட்டறிதல் நன்று.

மற்றொரு வகை, கட்டற்ற மென்பொருள். பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் என்னும் கருவையும், ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்துத் தொடங்கிய குனூ திட்டத்தின் மென்பொருள்களையும் அடிப்படையாகக் கொண்டவை இவற்றுள் பல. இவற்றை யாவரும் விலையின்றிப் பெறலாம். எத்தனை கணினிகளிலும் அமைக்கலாம். பிறருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். 1993-இல் தொடங்கப்பட்ட டெபியன், அதனை அடிப்படையாகக் கொண்டு 2004-இல் வெளிவந்த உபுண்டு ஆகியவை பெயர் பெற்றவை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனின் வழிவந்ததே. தமிழ்நாட்டு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர் பலருக்கு அது அறிமுகமாயிற்று. அண்டை மாநிலமான கேரளத்தின் பள்ளிகளிலும் கட்டற்ற மென்பொருளே பல ஆண்டுகளாகப் பாடம் நடத்தப் பயன்பட்டுவருகிறது.

மூன்றாவதாக ஒரு வழி ஊர்தோறும் நடைபெற்றுவருகிறது. அது விண்டோஸின் திருட்டுப் பிரதியைச் சிறு தொகைக்கு ஏற்றிக்கொள்வது. இதனை நாம் வன்மையாக விலக்க வேண்டும். இது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, உரிமத் தடையை உடைப்பதற்கென அதில் சேர்க்கப்படும் துணைச் செயலி யாருடையது, வேறு என்ன செய்கிறது என்பதை அறிய வழியில்லை. பிடிபடாமல் இருக்கும்பொருட்டு இவ்வகைப் பிரதிகளில் புதுப்பித்தல்களையும் நிறுத்திவிடுவது வழக்கம். அதன் விளைவு என்ன என்பதை 2017 மே மாதத்தில் உலகம் கண்டது. வானாக்ரை என்னும் தீய மென்பொருள் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பித்தலை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்னரே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றாத கணினிகளே இரையாயின. ஒரு மகளிர் குழுவின் சேமிப்பு, கடன், தவணைக் கணக்குகள் அனைத்தும் ஒரே நாளில் பூட்டப்பட்டால் ஏற்படும் துன்பத்தை எண்ணிப்பார்க்க வேண்டும். அங்கே இழப்பது கோப்பு மட்டுமன்று. உறுப்பினர் ஒருவர்மீது ஒருவர் வைத்த நம்பிக்கையும் ஆகும்.

இலவசம் என்ற ஒன்றைக் கருதி மட்டும் லினக்ஸைத் தேர்ந்துவிடுதலும் கூடாது. கைரேகைக் கருவி, மின்கையொப்பக் கருவி, குறிப்பிட்ட கணக்குமென்பொருள் ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டிய அமைப்பு, அவை லினக்ஸில் இயங்குமா என்பதை விற்பவரிடம் முன்னரே விசாரித்தல் அவசியம். இயங்காவிடில் உரிமத்துடன் விண்டோஸ் வாங்குவதே முறை. கடிதம், பட்டியல், கணக்கு அட்டவணை, இணையம், அச்சு ஆகியவையே பெரும்பான்மை வேலை எனில், டெபியன் போன்ற ஒன்று தாராளமாகப் போதும். கீழே டெபியனை உதாரணமாகக் கொண்டு விளக்குவோம். பிறவற்றிலும் வேலையின் ஒழுங்கு ஏறத்தாழ இதுவேயாகும்.

தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

இயங்குதளம் அமைக்கும்பொழுது தோன்றும் தொல்லைகளிற் பல உறுப்புகளைப் பூட்டியதில் உள்ள குறையினால் வருபவை. ஆதலால் முதலில் கணினியின் உடல்நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரையில் ஒன்றுமே தோன்றாவிடில், திரைக்கம்பி சரியான இடத்தில் செருகப்பட்டுள்ளதா எனக் காண்க. தனி வரைகலை அட்டை உள்ள கணினியில் கம்பியை அந்த அட்டையிலேயே செருக வேண்டும். இன்டெல் செயலிகளில் பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்து உள்ளவற்றுக்குச் சொந்தமாக வரைகலைத் திறன் கிடையாது. அவற்றுக்குத் தனி அட்டை கட்டாயம். டிடிஆர்5 வகை நினைவகம் பூட்டிய கணினி முதன்முறை எழும்பொழுது, அந்நினைவகத்தைப் பழக்கிக்கொள்வதற்காகச் சில நிமிடங்கள் வெறுந்திரையுடன் இருக்கக்கூடும். அச்சமயம் பழுதென எண்ணி மின்சாரத்தை நிறுத்திவிடாமல் பொறுத்திருத்தல் வேண்டும்.

அடுத்து, கணினி எழும்பொழுது டெலிட் விசையையோ எஃப்2 விசையையோ விட்டுவிட்டு அழுத்தினால் யூஈஎஃப்ஐ அமைப்புத் திரை திறக்கும். அங்கே மூன்று செய்திகளை நோக்குக. வாங்கிய நினைவகம் முழுவதும் கணக்கில் வந்திருக்கிறதா? சேமிப்பகம் பட்டியலில் தெரிகிறதா? நாளும் மணியும் சரியாக உள்ளனவா? மூன்றாவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நாள் தவறாக இருந்தால், இணையத்தில் உள்ள பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியானவை போலவோ இன்னும் தொடங்காதவை போலவோ கணினிக்குத் தோன்றும், பதிவிறக்கம் தடைப்படும். அணைத்து எழுப்பும்தோறும் நாள் மாறிவிட்டால் மதர்போர்டில் உள்ள சிறு வட்ட மின்கலத்தை மாற்றுதல் வேண்டும்.

நினைவகத்தில் ஐயம் இருந்தால், மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசச் சோதனையை ஓர் இரவு ஓடவிடுவது நன்று. குறையுள்ள நினைவகத்தின்மீது அமைத்த இயங்குதளம் அடித்தளம் சரியில்லாத வீட்டை ஒக்கும்.

மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் யூபிஎஸ் இன்றி இப்பணியைத் தொடங்கலாகாது. இயங்குதளம் ஏறும்பொழுது மின்சாரம் நின்றால் மீண்டும் முதலிலிருந்து செய்துகொள்ளலாம். ஆனால், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்கும்பொழுது நின்றுவிட்டால் அந்தப் பலகையே எழாமற் போகக்கூடும். தேவை நேர்ந்தாலன்றி அதில் கைவைக்காதிருப்பது சிறந்தது.

பென் டிரைவைத் தயாரித்தல்

விதையைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு கவனம் வேண்டுமோ அவ்வளவு கவனம் இதிலும் வேண்டும். ஏற்கெனவே இயங்கும் வேறொரு கணினியில், டெபியனின் சொந்த இணையதளத்திலிருந்து நிறுவற்படிமம் எனப்படும் கோப்பை இறக்குக. இணைய வழியாக அமைக்கும் சிறிய படிமம் ஒரு ஜிபிக்கும் குறைந்தது. மீதியை அமைக்கும்பொழுதே இணையத்திலிருந்து பெற்றுக்கொள்ளும். இணைய வேகம் குறைந்த ஊர்களுக்கு, பெரும்பான்மை மென்பொருள்களைத் தன்னிடமே கொண்ட பெரிய படிமம் ஏற்றது. அதற்கு 8 ஜிபி பென் டிரைவ் போதும்.

இறக்கிய கோப்பு குறையின்றி வந்ததா என்பதைச் சோதிக்கவும் வழி உண்டு. இணையதளத்தில் அக்கோப்புக்குரிய எஸ்எச்ஏ-512 என்னும் நீண்ட சரிபார்ப்பு எண் வெளியிடப்பட்டிருக்கும். நம்மிடம் உள்ள கோப்பிற்கும் அவ்வெண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் கோப்பு பழுதானது என்று கொண்டு மீண்டும் இறக்குதல் வேண்டும்.

பின்னர் அப்படிமத்தைப் பென் டிரைவில் எழுத வேண்டும். சாதாரணக் கோப்பைப் போல் இழுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து எழாது. ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற இலவசச் செயலிகள் இதற்கென உள்ளன. பென் டிரைவில் முன்பு இருந்தவை யாவும் அழிந்துவிடும் என்பதை நினைவிற்கொள்க.

இயங்குதளத்தை ஏற்றுதல்

தயாரித்த பென் டிரைவைப் புதிய கணினியில் செருகி எழுப்புக. எழும்பொழுது எஃப்12, எஃப்11, எஃப்8 ஆகியவற்றுள் அந்தந்த மதர்போர்டுக்கு உரிய விசையை அழுத்தினால், எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும் பட்டியல் வரும். அதில் பென் டிரைவ் இரண்டு முறை காணப்பட்டால் யூஈஎஃப்ஐ என்ற சொல் சேர்ந்த வரியைத் தேர்க. பாதுகாப்பான துவக்கம் என்னும் வசதியை அணைக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. 2019-இல் வெளிவந்த டெபியன் 10 முதல் அதற்கு இசைவு உண்டு.

முதல் திரையில் வரைகலை நிறுவல் என்ற வரியைத் தேர்ந்தால், அடுத்து வரும் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கும். தமிழைத் தேர்ந்துகொண்டால் பின்வரும் கேள்விகளிற் பெரும்பாலானவை தமிழிலேயே வரும். முடிவில் அமையும் இயங்குதளமும் தமிழில் நம்முடன் உறவாடும். இம்மொழிபெயர்ப்பு ஊதியம் கருதாத தன்னார்வலர்களின் உழைப்பினால் விளைந்தது. இடம் இந்தியா எனவும், விசைப்பலகை இப்போதைக்கு ஆங்கிலம் எனவும் குறிப்பிடுக. கடவுச்சொல்லை எங்கும் ஒரே வகையாகத் தட்டெழுதுவதற்கு இது துணைசெய்யும்.

அடுத்து நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கப்படும். அவ்விடத்தை வெறுமையாக விட்டுவிட்டால், பிறகு உண்டாக்கும் முதற் பயனாளருக்கே நிர்வாக உரிமை சேரும். சங்கக் கணினியில் நிர்வாகப் பொறுப்புக்கு ஒரு பயனாளரும், அன்றாட எழுத்துவேலைக்கு வேறு பயனாளரும் வைத்துக்கொள்வது ஒழுங்கு. கடவுச்சொல்லைக் கணினியின்மீதே ஒட்டிவைக்கும் பழக்கம் ஒழிய வேண்டும். உறையிலிட்டு முத்திரையிட்டுத் தலைவரிடமோ செயலாளரிடமோ ஒப்படைத்தல் தகும். பொறுப்பாளர் மாறும்பொழுது கடவுச்சொல்லும் மாற வேண்டும்.

மீளமுடியாத படி

இதன் பின் வருவதே இப்பணியில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். சேமிப்பகத்தை எவ்வாறு பாகம் பிரிப்பது என்று கேட்கப்படும். வழிகாட்டுதலுடன் முழு வட்டையும் பயன்படுத்துக என்ற வகையைத் தேர்ந்தால், துவக்கத்துக்கு ஒரு சிறு பாகமும், இயங்குதளத்துக்கு ஒரு பாகமும், நினைவகம் போதாத வேளையில் உதவும் இடமாற்றுப் பாகமும் தாமே அமையும். பயனாளரின் கோப்புகளுக்குத் தனிப்பாகம் வைக்கும் வகையையும் தேரலாம். வருங்காலத்தில் இயங்குதளத்தை மட்டும் புதிதாக அமைக்க நேர்ந்தால், அப்பாகத்தை அழிக்காமல் விட்டுவைத்துக் கணக்குகளைக் காக்கலாம் என்பது இதன் அனுகூலம்.

இறுதியில், மாற்றங்களை வட்டில் எழுதலாமா என்ற கேள்வி எழும். அதுவரை செய்த யாவற்றையும் திரும்பப் பெறலாம். ‘ஆம்’ என்றபின் திரும்பப் பெற இயலாது. புதிய கணினியில் புதிய சேமிப்பகம் ஒன்று மட்டும் இருப்பின் அச்சமில்லை. ஆனால், நடைமுறையில் நேர்வது வேறு. பழைய கணினியிலிருந்து கணக்குகள் அடங்கிய வட்டைக் கழற்றி, புதியதில் இரண்டாவது வட்டாகப் பூட்டிவிடுகின்றனர். பட்டியலில் இரண்டும் வெறும் எண்ணும் எழுத்துமாகத் தோன்றும்பொழுது, தவறுதலாகப் பழைய வட்டைச் சுட்டிவிட்டால் பத்து ஆண்டுக் கணக்கும் ஒரு நொடியில் போய்விடும். எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகத்தில், அழிந்தவற்றை மீட்பது பெரும்பாலும் இயலாத காரியம். ஆகவே, பழைய வட்டில் உள்ளவற்றை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்று பார்த்து, பழைய வட்டின் கம்பியைக் கழற்றி வைத்த பின்னரே இயங்குதளம் அமைக்கத் தொடங்க வேண்டும். இவ்வொரு விதியைக் கடைப்பிடித்தால் இப்பணியில் பெருந்தீங்கு நேராது.

பாகம் பிரித்தபின், எந்த மேசைத்தளம் வேண்டும் என்று கேட்கப்படும். வசதியான கணினிக்குக் குனோம் ஏற்றது. நினைவகம் குறைந்த கணினிக்கு எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்கியூட்டி ஆகியவை இலேசானவை. யாவும் ஏறி முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றிவிட்டுக் கணினியை மீண்டும் எழுப்ப வேண்டும். கழற்ற மறந்தால் சில கணினிகளில் முதல் திரையே மறுபடி வந்து நிற்கும்.

அமைத்த பின் செய்ய வேண்டியவை

முதல் வேலை, புதுப்பித்தல். படிமம் வெளியான நாளுக்குப் பின் கண்டறியப்பட்ட குறைகள் யாவும் இதனால் அடைபடும். பிறகு வாரம் ஒருமுறை புதுப்பிப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவும், அதன்மேல் இரண்டு ஆண்டு நீட்டிப்பும் கிடைக்கின்றன. 2025 ஆகஸ்டில் வெளிவந்தது டெபியன் 13. ஆதரவு முடியுமுன் அடுத்த பதிப்புக்கு மாறுவதைச் சங்கத்தின் நாட்குறிப்பில் எழுதிவைத்தல் நன்று.

இரண்டாவது, தமிழ் எழுத்து. சென்னையில் 1999-இல் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவான தமிழ்99 விசைப்பலகை, லினக்ஸின் விசைப்பலகை அமைப்பிலேயே அடங்கியுள்ளது, சேர்த்துக்கொண்டால் போதும். தமிழ் எழுத்துக்களை ஒருங்குறியிலேயே அமைக்க வேண்டும். முன்னாளில் தனித்தனிக் குறியீட்டு எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆவணங்கள் புதிய கணினியில் பொருளற்ற எழுத்துக்களாகத் தோன்றும். அவை அழிந்துவிடவில்லை, ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகளால் மீட்கலாம். கடிதத்துக்கும் கணக்கு அட்டவணைக்கும் லிப்ரே ஆஃபீஸ் உள்ளது.

மூன்றாவது, அச்சுப்பொறி, ஒலி, இணையம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தல். 2023-இல் வந்த டெபியன் 12 முதல், கம்பியில்லா இணைய அட்டை போன்றவற்றுக்கு வேண்டிய நிலைப்பொருள் படிமத்திலேயே சேர்ந்து வருவதால் முன்பிருந்த தொல்லை குறைந்துள்ளது.

நான்காவது, பிரதி. கணினி எவ்வளவு புதிதாயினும் அதில் மட்டும் உள்ள கணக்கைப் பாதுகாப்பான கணக்கென்று கருதலாகாது. வாரந்தோறும் வெளிவட்டு ஒன்றில் பிரதி எடுத்து, அவ்வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும். மற்றொரு பிரதியை வேறு கட்டடத்தில் வைத்தல் இன்னும் சிறந்தது. இடி, தீ, திருட்டு ஆகியவை ஓர் இடத்தைத் தாக்கினால் மற்றோர் இடம் உதவும்.

ஊரார் கற்க வேண்டிய வேலை

மேலே கூறியவற்றைப் படிக்கும்பொழுது நீண்டதாகத் தோன்றினும், பழகியவர் கையில் இது ஓரிரு மணி நேர வேலையே. பள்ளி இறுதி வகுப்பு வரை படித்த இளைஞர், இளம்பெண் யாவரும் இதனைக் கற்றுக்கொள்ளலாம். முதல் இரண்டு முறை, கணக்கு ஏதும் இல்லாத பழைய கணினியில் செய்து பழகுவது நல்லது. செய்தவற்றையும், தேர்ந்த விடைகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்தவருக்கு அதுவே பாடநூலாகும்.

கணினி பழுதாகும்தோறும் நகரத்துக் கடையை எதிர்நோக்கி, அங்கே என்ன ஏற்றினார்கள் என்பதையும் அறியாமல் திரும்பி வரும் நிலையில், நமது கணக்குகள் பிறர் கையில் இருக்கின்றன என்றே சொல்ல வேண்டும். ஊரில் இருவருக்கேனும் இவ்வேலை தெரிந்திருந்தால் அந்நிலை மாறும். சங்கங்களின் நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே அவ்விருவரைத் தேர்ந்து, பயிற்சிக்கு ஒரு கணினியையும் ஒரு பென் டிரைவையும் ஒதுக்கிக் கொடுப்பார்களாக.